நாலு பேர் தூக்கும் போட்டியில் எண்ணுவது எப்படி

ஒலிம்பிக் பளுதூக்கலை யூடியூப்பில் பார்த்துப் பழகின பயிற்றுநர் ஒருவர் எங்கள் மாவட்டப் போட்டிக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தால், மேடையில் இன்னும் எத்தனை முயற்சி மிச்சம் என்று எண்ணி வோர்ம்அப் (உடம்பைச் சூடேற்றும் தூக்குகள்) கொடுக்கும் கணக்கு முதல் அரைமணித்தியாலத்திலேயே பிசகிவிடும். அங்கே ஒரு எடைப்பிரிவில் பத்துப் பன்னிரண்டு பேர் நிற்பார்கள். இங்கே மூன்று பேர், கூடினால் நாலு பேர். ஆள் குறைந்தால் வேலை சுகம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். மேடைக்கு முன்னால் கதிரையில் இருப்பவருக்குச் சுகம்தான். பின்னால் வோர்ம்அப் அறையில் நிற்பவருக்கு அது பெரிய தலையிடி.

அதனால் திருகோணமலையில் பிள்ளைகளைப் பழக்குகிறவர்கள் ஒலிம்பிக் காணொளிகளோடு தீவு நாடுகளின் விளையாட்டு விழாக்களையும் தேடிப் பார்ப்பது நல்லது. இந்து சமுத்திரத் தீவுகளின் விளையாட்டு விழா 1979இல் ரீயூனியனில் தொடங்கியது. மொரீசியஸ், சீசெல்ஸ், மடகஸ்கார், கொமொரோஸ், ரீயூனியன், மயோட், மாலைதீவு ஆகியன அதில் மோதுகின்றன. 2023இல் மடகஸ்காரில் நடந்தது. பசிபிக் பக்கத்தில் 1963இல் சுவாவில் ஆரம்பித்த விழா 2023இல் சொலமன் தீவுகளின் ஹொனியாராவில் நடந்தது. நாங்களும் தீவுதான், ஆனால் அந்தப் பட்டியல்களில் எங்கள் பெயர் இல்லை. எங்கள் பிள்ளைகளுக்குத் தெற்காசிய விளையாட்டு, ஆசிய விளையாட்டு, பொதுநலவாய விளையாட்டு என்றுதான் வழி. போட்டியின் உருவம் மட்டும் அச்சொட்டாக எங்கள் மாவட்ட, மாகாணப் போட்டியைப் போலவே இருக்கும். ஒரு பிரிவில் ஆள் கொஞ்சம். இருக்கிற ஆட்களுக்குள்ளும் பலம் மேலும் கீழுமாக இருக்கும்.

சின்னத் தீவுகளின் பளுதூக்கல் சின்ன விஷயமும் இல்லை. 2018 கோல்ட் கோஸ்ட் பொதுநலவாய விளையாட்டில் பெண்கள் 48 கிலோ மேடையை நினைத்துப் பாருங்கள். தங்கம் இந்தியாவின் மீராபாய் சானு. வெள்ளி மொரீசியஸின் ரொயிலியா ரணைவோசோவா. வெண்கலம் எங்கள் தினூஷா கோமஸ். கிரிபாட்டி என்ற தீவுக்குப் பொதுநலவாயத்தில் கிடைத்த முதல் பதக்கமே பளுதூக்கலில்தான், 2014இல் டேவிட் கட்டோவட்டாவு எடுத்த தங்கம். நவுருவில் மார்கஸ் ஸ்டீபன் 1990இல் ஆக்லாந்தில் தங்கம் எடுத்தார், பிறகு அந்த நாட்டின் ஜனாதிபதியாகவே இருந்தார். ஒரு பார், தட்டுகள், ஒரு மேடை, மேலே ஒரு கூரை இருந்தால் இந்த விளையாட்டைத் தொடங்கலாம். எதிர்க்க ஒரு அணி தேவையில்லை. தீவுகளுக்கு இது பொருந்திப் போனதற்கு அதுவே காரணம் என்பது எங்கள் எண்ணம்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

பாரின் எடை போட்டி முழுவதும் கூடிக்கொண்டே போகும், ஒருபோதும் இறங்காது. குறைந்த எடை கேட்டவர் முதலில் வருவார். இரண்டு பேர் ஒரே எடை கேட்டால், முயற்சி எண் குறைந்தவர் முன்னுக்கு. அதாவது ஒருவருக்கு அது முதல் முயற்சி, மற்றவருக்கு மூன்றாவது என்றால் முதல் முயற்சிக்காரர் முதலில். அதுவும் சமம் என்றால், முந்தின முயற்சியை யார் முதலில் செய்தாரோ அவர் முதலில். பெயர் அழைத்துத் தட்டும் ஏற்றி முடிந்தால் 1 நிமிடம். தான் தூக்கின கையோடு அடுத்த முயற்சியும் தனக்கே வந்தால் 2 நிமிடம். வென்ற முயற்சிக்குப் பிறகு அடுத்த எடை தானாகவே 1 கிலோ கூடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் பயிற்றுநர் எடை மாற்றங்களைப் பதியும் மார்ஷல் மேசையில் அறிவிக்க வேண்டும். அறிவித்த எடையை ஒவ்வொரு முயற்சிக்கும் இரண்டு தடவை மாற்றலாம். கடிகாரத்தில் கடைசி 30 வினாடிக்கான மணி அடித்துவிட்டால் பிறகு மாற்ற ஏலாது.

இது ஒன்றும் புதுக்கதை இல்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்ததை நாலு பேர் உள்ள போட்டியில் வைத்துப் பார்த்தால்தான் சிக்கல் புரியும்.

ஸ்னெச்சில், அதாவது பாரை ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் முதல் பகுதியில், நாலு பேர் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் 88இல் தொடங்குகிறார், இரண்டாமவர் 95இல். எங்கள் தம்பி 100. நாலாமவர் தனி ரகம், 112. எங்கள் தம்பிக்கு முன்னால் எத்தனை முயற்சி? முதலாமவர் 88, 92, 95 என்று மூன்றையும் முடித்துவிடுவார். இரண்டாமவர் 95, அடுத்து 99 வைப்பார் என்று எதிர்பார்க்கலாம். ஆக 5. வரிசை இப்படி ஓடும்: 88, 92, இரண்டாமவரின் 95, முதலாமவரின் 95, இரண்டாமவரின் 99, பிறகு தம்பியின் 100. இரண்டு பேரும் 95 கேட்ட இடத்தில் இரண்டாமவர் முந்துவதைக் கவனியுங்கள். அவருக்கு அது முதல் முயற்சி, மற்றவருக்கு மூன்றாவது.

100இல் தொடங்குகிறவருக்கு வோர்ம்அப் ஏறக்குறைய இப்படி இருக்கும்: வெறும் பார், 40, 60, 70, 80, 88, 95. நாற்பதில் இரண்டு மூன்று தடவை, அறுபதில் இரண்டு, எழுபதிலிருந்து ஒவ்வொன்று போதும். ஒவ்வொரு வோர்ம்அப் தூக்குக்கும் மேடையில் மூன்று முயற்சி நகரும் என்பது வழக்கமான கணக்கு. கடைசித் தூக்கு, அதாவது 95, மேடையில் இன்னும் இரண்டு முயற்சி மிச்சம் இருக்கும்போது விழ வேண்டும். பின்னாலிருந்து எண்ணினால், 95 இரண்டு மிச்சத்தில், 88 ஐந்து மிச்சத்தில். ஐந்து மிச்சம் என்றால் போட்டியே அப்போதுதான் தொடங்குகிறது! 80, 70, 60 எல்லாம் மேடையில் ஒரு தட்டும் அசைய முன்பே முடிந்திருக்க வேண்டும். அவற்றை முயற்சி எண்ணிச் செய்ய ஏலாது, மணிக்கூட்டைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். தொடக்கத்துக்கு 3 நிமிடம் இருக்க 80, 6 நிமிடம் இருக்க 70, 8 நிமிடம் இருக்க 60, 11 நிமிடம் இருக்க 40. வீரர்களை மேடையில் நிறுத்தி அறிமுகப்படுத்துவதும் அதே நேரத்தில்தான் வந்து விழும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு பேர் உள்ள போட்டியில் யாரோ ஒருவர் எடையைப் பாய்ச்சினால் இருபது எண்ணிக்கையில் ஒன்று குறையும், யாரும் கவலைப்பட மாட்டார்கள். இங்கே ஐந்தில் ஒன்று போகும். இரண்டாமவர் 95ஐ இலேசாகத் தூக்கிவிட்டார், அவருடைய பயிற்றுநர் 99க்குப் பதிலாக 101 என்று எழுதிவிட்டார் என்று வையுங்கள். எங்கள் தம்பி இன்னும் இரண்டு இருக்கிறது என்று நம்பி 95ஐத் தொடப் போகிற அதே நிமிடம் அது. இப்போது முதலாமவரின் மூன்றாவது முயற்சி முடிந்த உடனே பெயர் கூப்பிடுவார்கள்.

"சேர், இன்னும் ரெண்டு எண்டு சொன்னீங்கள்..."

"இப்ப ஒண்டுதான். தொண்ணூத்தஞ்சை எடு, எடுத்திட்டு கதிரையில இரு. நான் மேசைக்குப் போறன்."

மேசைக்குப் போய் என்ன எழுதுவது? பதற்றத்தில் பெரும்பாலானோர் 101 என்று எழுதுவார்கள். ஒரு பயனும் இல்லை. இருவரும் 101 கேட்டால் தம்பிக்கு முதல் முயற்சி, இரண்டாமவருக்கு இரண்டாவது. தம்பிதான் முன்னுக்கு வருவான். 102 எழுதினால்தான் இரண்டாமவர் 101ஓடு முன்னால் போவார், தம்பிக்கு ஒரு முயற்சி நேரம் கிடைக்கும். ஆனால் தொடக்க எடை 2 கிலோ கூடிவிட்டது, இரண்டு மாற்றத்தில் ஒன்றும் செலவாகிவிட்டது. அந்த 2 கிலோவைத் தாங்குவானா என்பது பயிற்சியில் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். தாங்க மாட்டான் என்றால் 100இலேயே விட்டுவிடுங்கள். 95இலிருந்து 100க்கு ஒன்றரை நிமிட இடைவெளியில் போவது சுகமில்லை, ஆனால் செத்துப்போகவும் மாட்டான்.

எடையை மாற்றி நேரம் வாங்கும் வித்தை பெரிய போட்டியில் அடிக்கடி பலிக்கும். ஒரு கிலோ கூட்டினால் இடையில் யாராவது ஒருவர் வந்து விழுவார். நாலு பேர் போட்டியில் இடையில் விழ ஆள் இல்லை. வரிசை மாறாவிட்டால், தட்டு மாற்றும் வரைக்கும் கடிகாரம் நிற்கும், பிறகு மிச்ச நேரத்திலிருந்தே ஓடும். கூட்டின கிலோதான் மிச்சம்.

மற்றப் பக்கத்துச் சிக்கல் நாலாமவருக்கு. அவருக்கு முன்னால் 9 முயற்சி இருக்கிறது. அதில் தோற்றவர் திரும்பவும் தானே வந்து 2 நிமிடம் எடுப்பார், தம்பியும் 104க்குப் பிறகு 107ஐத் தொடர்ந்து தானே தூக்க வேண்டி வரும். ஒருவர் தோற்றால் எண்ணிக்கை மாறாது, நேரம்தான் நீளும் என்பதைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஒன்பது முயற்சி பன்னிரண்டு பதின்மூன்று நிமிடத்துக்கு இழுக்கலாம். அவர் அவசரப்பட்டு 105 வரைக்கும் சூடேறிவிட்டுக் கதிரையில் குந்தியிருந்தால் உடம்பு ஆறிப்போகும். நாலைந்து நிமிடத்துக்கு மேல் சும்மா இருக்க விடாதீர்கள். தொடக்க எடையின் 80, 85 வீதத்தில் ஒரு தூக்கு கொடுத்து உடம்பை உயிரோடு வைத்திருங்கள். ஒரு மேலதிகத் தூக்கினால் களைத்துப்போவான் என்ற பயம் வீண்.

ஆள் குறைவென்று இரண்டு எடைப்பிரிவை ஒரே அமர்வில் சேர்த்து நடத்துவது வழக்கம். அப்போது எண்ணும்போது இரண்டு பிரிவையும் சேர்த்தே எண்ண வேண்டும், பாருக்குப் பிரிவு தெரியாது. பதக்கக் கணக்குப் போடும்போது மட்டும் பிரிக்க வேண்டும். ஒரே காகிதத்தில் இரண்டு நிறப் பேனையால் எழுதுவது பெரிய உதவி.

ஜேர்க்குக்கு, அதாவது பாரை முதலில் தோளுக்கு எடுத்து (இது கிளீன்) பிறகு தலைக்கு மேல் தள்ளும் இரண்டாம் பகுதிக்கு, முன்னால் 10 நிமிட இடைவேளை. அதற்குள் புது எண்ணிக்கை போட்டாக வேண்டும். ஸ்னெச் வரிசை அப்படியே வரும் என்று நம்ப வேண்டாம், ஸ்னெச்சில் பின்தங்கினவர் ஜேர்க்கில் மலைபோல நிற்கலாம். வோர்ம்அப் தூக்குகள் ஐந்தாறு போதும், உடம்பு ஏற்கெனவே சூடாகத்தான் இருக்கும்.

இந்தக் கணக்கெல்லாம் எடை பார்க்கும் அறையிலேயே தொடங்கிவிடுகிறது. போட்டிக்கு 2 மணித்தியாலம் முன்னால் எடை பார்ப்பு ஆரம்பித்து 1 மணித்தியாலம் நடக்கும். எல்லைக்குள் நின்றால் ஒருதடவைதான். கூடினால் அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் திரும்பத் திரும்ப வரலாம். 2025 ஜூன் மாதத்தில் எடைப்பிரிவுகள் மாறின என்பதை இன்னும் பலர் கவனிக்கவில்லை. அந்த மாற்றத்தில் ஆண்களுக்கு 60, 65, 71, 79, 88, 94, 110, 110க்கு மேல். பெண்களுக்கு 48, 53, 58, 63, 69, 77, 86, 86க்கு மேல். 61இல் வசதியாக நின்றவன் இப்போது 60க்கு இறங்குவதா 65க்கு ஏறுவதா என்று வீட்டாரோடும் இருந்து பேசத்தான் வேண்டும். வளர்கிற பிள்ளை என்றால் ஏறட்டும். பதினாறு வயதுப் பெடியனைப் பட்டினி போட்டு எடுக்கும் பதக்கம் எங்களுக்கு வேண்டாம்.

அந்த அறையில்தான் தொடக்க எடைகளையும் எழுதிக் கையெழுத்து வைக்கிறோம். இங்கே 20 கிலோ விதி ஒன்று இருக்கிறது. பெயர் அனுப்பும்போது எழுதின மொத்தத்திலிருந்து (ஸ்னெச்சும் ஜேர்க்கும் கூட்டி வரும் எடை) 20ஐக் கழித்தால் வரும் எண்ணுக்குக் குறையாமல் இரண்டு தொடக்க எடைகளின் கூட்டுத்தொகை இருக்க வேண்டும். 240 என்று பதிந்திருந்தால் 220 போதும், தம்பியின் 100உம் 122உம் சேர்ந்து 222, பிரச்சினை இல்லை. சிலர் பெயர் அனுப்பும்போது பெருமைக்காக 255 என்று எழுதிவிடுகிறார்கள். அப்போது 235 வேண்டும், 13 கிலோ பற்றாது. அந்த 13 கிலோவை எங்கே ஏற்றுவது? ஸ்னெச்சில் 5, ஜேர்க்கில் 8 என்று ஏற்றினால் இரண்டிலும் முதல் முயற்சியே உச்ச எடைக்குப் பக்கத்தில் போய்விடும். மூன்றும் விழுந்து பூச்சியத்தோடு வீட்டுக்குப் போகிறவர்களில் அரைவாசிப்பேருக்கு இந்தப் பேனாப் பெருமைதான் காரணம் என்று சொன்னால் மிகையில்லை.

எடைக்காக உண்பதைப் பற்றிக் கொஞ்சம். கடைசி இரண்டு நாளும் கருவாடு, அப்பளம், ஊறுகாய், மிக்சர் வேண்டாம், உப்பு தண்ணீரை உடம்பில் பிடித்து வைக்கும். சிவப்பரிசி, கீரை, பருப்பைக் குறைத்து வெள்ளைச் சோறு, மீன், முட்டை என்று போனால் குடலில் தங்கும் பாரம் குறையும், பலம் குறையாது. படுக்கும்போது அரைக் கிலோ கூட இருந்தால் பயப்பட வேண்டாம், எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் இரவே அது போய்விடும். விடிந்தும் ஒன்றரைக் கிலோ கூட என்றால் திட்டம் பிழைத்துவிட்டது. கொழும்புக்கு இரவு ரயிலில் போகிறவர்கள் இன்னொன்றையும் மறக்க வேண்டாம். ராத்திரி முழுக்க இருந்தபடி போனால் கால் வீங்கும், தராசும் கூட்டிக் காட்டும். ஒருநாள் முந்திப் போய்விடுங்கள்.

வீட்டுத் தராசை நம்பவே வேண்டாம். நல்ல போட்டித் தட்டு ஒன்றை, சிவப்பு 25ஐ, தராசில் வைத்துப் பாருங்கள். இரண்டை ஒன்றாக வைத்து 50 காட்டுகிறதா என்றும் பாருங்கள். போட்டித் தட்டுகள் மிகச் சிறிய வழுவோடுதான் செய்யப்படுகின்றன, கடையில் விற்கும் குளியலறைத் தராசை விட அவை நேர்மையானவை.

எடை பார்த்து வெளியே வந்ததும் ஒரு பைக்கற் ஜீவனி உப்புக் கரைசல் தூளை 1 லீற்றர் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கட்டும். கதலி வாழைப்பழம், பாணும் ஜாமும், சீனி போட்ட பிளேன்டீ. இவ்வளவும் போதும். வெற்றியைக் கொண்டாடும் கொத்துரொட்டி இரவுக்கு.

பதக்கம் எப்படி எண்ணப்படுகிறது என்பதைத் தொழில்நுட்பக் கூட்டத்திலேயே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். ஒலிம்பிக்கில் மொத்தத்துக்கு மட்டும்தான் பதக்கம். பசிபிக் விளையாட்டு விழாவில் ஸ்னெச்சுக்கு ஒன்று, ஜேர்க்குக்கு ஒன்று, மொத்தத்துக்கு ஒன்று என்று மூன்று. தனித்தனிப் பதக்கம் உள்ள இடத்தில் ஸ்னெச்சில் மூன்றும் விழுந்தவர்கூட ஜேர்க்குக்கு வரலாம், மொத்தம்தான் கிடைக்காது. ஆகவே அழுதுகொண்டு சப்பாத்தைக் கழற்றவிடாதீர்கள். சமமாக வந்தால் உடல் எடை பார்ப்பது பழைய முறை. 2017இலிருந்து யார் முதலில் அந்த எடையை எட்டினாரோ அவருக்குத்தான் முன்னிடம்.

இந்த இரண்டையும் சேர்த்தால் கடைசி முயற்சி சதுரங்கம் மாதிரி ஆகிவிடும். நாலாமவர் தங்கத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார், வெள்ளிக்குத்தான் சண்டை. ஸ்னெச்சில் தம்பி 104, இரண்டாமவர் 102. ஜேர்க்கில் இரண்டாமவர் 120, 125 இரண்டையும் வென்றார், மொத்தம் 227. தம்பி 122, 127, மொத்தம் 231. இருவருக்கும் மூன்றாவது மிச்சம். இரண்டாமவர் 131 கேட்டிருக்கிறார், அது நடந்தால் 233. தம்பி 130 எழுதினால் முன்னால் போய்த் தூக்க வேண்டும். வென்றால் 234. ஆனால் பின்னால் நிற்கிற இரண்டாமவர் அதைப் பார்த்துவிட்டு 133க்கு மாற்றி 235 எடுக்கலாம். தம்பி 131 எழுதினால்? எடை சமம், முயற்சி எண்ணும் சமம். இரண்டாமவரின் முந்தின முயற்சியான 125, தம்பியின் 127க்கு முன்னால் நடந்தது. ஆகவே அவர்தான் முதலில் போக வேண்டும். அவர் தோற்றால் தம்பி தூக்காமலே மொத்தத்தில் வெள்ளி. அவர் வென்றால் தம்பி 131ஐத் தூக்கி 235, மொத்தத்தில் வெள்ளி. ஆனால் ஜேர்க் பதக்கத்தைப் பாருங்கள், இருவரும் 131, முதலில் எட்டியவர் அவர். அதையும் பிடுங்க வேண்டுமென்றால் 132. அவர் 131ஐ வென்ற பிறகு தம்பியின் எடையை ஒரு கிலோ கூட்ட, மாற்றம் ஒன்று கையில் மிச்சம் இருக்க வேண்டும். முதலிலேயே இரண்டையும் செலவழித்துவிட்டு நின்றால் பார்த்துக்கொண்டுதான் நிற்கலாம்.

சிவப்பு விளக்கு (நடுவர் முயற்சியை ஏற்காத அடையாளம்) விழும் இடங்களில் எங்கள் பிள்ளைகளுக்கு அடிக்கடி நடப்பவை மூன்று. பொடிபில்டிங் ஜிம்மிலிருந்து வருகிறவர்கள் பாரை மடங்கின முழங்கையோடு பிடித்துவிட்டுத் தோளால் தள்ளி நிமிர்த்துவார்கள். பலம் இருக்கிறது, முயற்சி போய்விட்டது. மணிக்கட்டு இறுகினவர்களுக்குக் கிளீனில் ஆழமாகக் குந்தும்போது முழங்கை தொடையிலோ முழங்காலிலோ உரசும். மூன்றாவது, வயிறெரியும் விஷயம். எல்லாம் சரியாகத் தூக்கிவிட்டு நடுவர் இறக்கச் சொல்ல முன்பே போட்டுவிடுவது. பயிற்சியிலேயே ஒவ்வொரு தூக்குக்கும் யாராவது ஒருவர் கையை இறக்கிக் காட்டின பிறகுதான் விட வேண்டும் என்று பழக்குங்கள். விடும்போதும் பார் தோளைக் கடந்து இறங்கும் வரை கை அதிலேயே இருக்க வேண்டும்.

இன்னொன்று தொடை. வேர்வையில் பார் வழுக்கி ஏறட்டும் என்று பவுடர் பூசுவதும் எண்ணெய் தடவுவதும் விதிக்குப் புறம்பு. துவாயால் துடைத்துவிட்டுப் போனால் போதும். கழுத்தெலும்புப் பக்கம் வேர்த்து வழிந்தால் சோக்கு பூசலாம், கிளீனில் பார் வழுக்காது.

உடுப்பைப் பற்றி, உடம்பை மூடி அணியலாமா என்று, கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துப் பெற்றோர் கேட்பது உண்டு. 2011இல் உலகப் பளுதூக்கல் சம்மேளனம் விதியை மாற்றியது. போட்டி உடைக்கு உள்ளே கைகால் முழுவதும் மூடும், உடம்போடு ஒட்டின உடுப்பு அணியலாம். தொளதொளவென்று இருக்கக் கூடாது, ஏனென்றால் முழங்கை நிமிர்ந்ததா என்று நடுவருக்குத் தெரிய வேண்டும். இதைக் காரணமாகச் சொல்லி ஒரு பிள்ளையையும் வீட்டில் நிறுத்தத் தேவையில்லை.

கடைசியாக, மேடைக்கு வெளியே ஒரு எதிரி. எங்கள் நகரத்துக்கு ஒருபக்கம் டச்சுக் குடா, மறுபக்கம் உள் துறைமுகம். உப்புக் காற்று எந்தப் பக்கத்தாலும் வரும். மெக்கெய்சர் மைதானப் பக்கம் பூட்டித் திறக்கும் ஒரு இரும்புக் கேற்றைப் பார்த்தாலே பாருக்கு என்ன நடக்கும் என்று விளங்கும். ஆண்கள் பார் 20 கிலோ, பிடி 28 மில்லிமீற்றர் தடிப்பு. பெண்கள் பார் 15 கிலோ, 25 மில்லிமீற்றர். இரண்டிலும் பிடியின் சொரசொரப்புக்குள் சோக்கு போய் இருந்துகொண்டு ஈரத்தைக் குடிக்கும், அடியில் துரு பிடிக்கும். மாரியில் சோக்கே கட்டியாகிவிடும், ஆகவே இறுக்கமான மூடி உள்ள ரின்னில் வையுங்கள். ஆனி ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது நேர்மாறு. கை காய்ந்து, தடித்த தோல் கிழியும். குளித்த பிறகு கால் தேய்க்கும் கல்லால் உள்ளங்கைக் காய்ப்பை மட்டமாகத் தேய்த்துவிட வேண்டும், போட்டிக்கு முதல் நாள் அல்ல, நாலைந்து நாள் முன்பே.

போட்டி முடிந்த அன்றிரவே பாரைக் கவனியுங்கள், விடியட்டும் என்று விட வேண்டாம். நைலோன் பிரஷால் சொரசொரப்புக்குள் இருக்கிற சோக்கை உதிர்த்து, துரு தொடங்கியிருந்தால் பித்தளைக் கம்பிப் பிரஷால் மெல்லத் தேய்க்க வேண்டும். பிறகு மெசின் ஒயிலைத் துணியில் தொட்டு முழுவதும் துடைத்து, காய்ந்த துணியால் மிச்சத்தை எடுக்க வேண்டும். தட்டுப் போடும் இரண்டு முனையிலும் ஒவ்வொரு துளி விட்டுச் சுழற்றிப் பாருங்கள். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காயெண்ணெய் பூசினால் இரண்டு கிழமையில் பிசினாகித் தூசியைப் பிடிக்கும், முனை சுழலாது, சுழலாத பார் கிளீனில் மணிக்கட்டைத் திருகும். தட்டுகளைக் கழற்றி, பாரைப் படுக்கையாக, நிலத்தில் முட்டாமல் வைத்து, தட்டுகளைப் பூட்டும் கொலர் இரண்டையும் அதன் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். ஒவ்வொன்றும் 2.5 கிலோ, ஒன்று துலைந்தால் அடுத்த போட்டியில் எடைக் கணக்கே பிழைக்கும்.